காந்தம் வாங்கி வந்த சிஸ்டர்

துபாயிலிருந்து லீவில் வரும் நர்சை சங்கரன்கோவிலில் யாரும் அடையாளம் கண்டுவிடலாம். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை, தென்காசி வழியாகக் காரில் வருவாள். பெட்டி ஏறிய சுமையில் டிக்கி மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருக்கும். கோடாலித் தைலம், பால் பவுடர், சென்ட் பாட்டில் எல்லாம் தெருவுக்குப் பங்கு வைக்கப்படும். மறுநாள் நகைக்கடை. அதற்கு மறுநாள் ராஜபாளையம் ரோட்டில் பிளாட் பார்க்கப் போவாள்.

இப்போது வேறொரு ரகம் முளைத்திருக்கிறது. இவளும் துபாய் நர்ஸ்தான். ஆனால் தென்காசி பஸ்ஸிலிருந்து ஒற்றை முதுகுப் பையோடு இறங்குகிறாள். 'வேலை போயிருச்சு போல, பாவம்' என்று பூக்கட்டுகிற அக்கா ஒரு முழம் மல்லியைச் சும்மாவே கொடுத்துவிட்டாள். பையைத் திறந்தால் நாலு சட்டை, பிளாஸ்திரி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அம்மா கட்டிக்கொடுத்த கோமதியம்மன் கோயில் புற்றுமண் பொட்டலம் (ஒன்பது நாடு போய்விட்டுப் பிரிக்காமல் திரும்பியிருக்கிறது), அப்புறம் ஒரு கை நிறைய ஃப்ரிட்ஜ் காந்தம்.

"இது என்னட்டி?"

"காந்தம் அத்தை. திபிலிசி. ஜார்ஜியாவுல இருக்கு."

"தங்க முலாமா?"

"பிளாஸ்டிக் அத்தை."

அத்தை அன்று காபியைத் தொடாமலே எழுந்து போனாள்.

மற்ற நர்சுகள் திர்ஹாமை ரூபாயாகப் பெருக்குவார்கள். சிஸ்டருக்கு அந்த வாய்ப்பாடு மறந்துபோய்விட்டது. ஒரு நைட் டியூட்டி என்றால் பங்க் கட்டிலில் ரெண்டு ராத்திரி. ஒரு ஓவர்டைம் என்றால் ஒரு ரயில் டிக்கெட். ரோஸ்டரை அவள் பார்க்கிற பார்வை ஜோசியர் கட்டத்தைப் பார்க்கிற பார்வை. ஓணத்துக்கு மலையாளிப் பிள்ளைகளின் டியூட்டியை வாங்கிக்கொள்வாள், கிறிஸ்துமஸுக்குப் பிலிப்பைன்ஸ்காரிகளின் டியூட்டி. அத்தனையும் கடனாக எழுதி வைத்து, ஒரு மாதம் மொத்தமாக வசூலித்து, வருஷ லீவோடு முடிச்சுப் போட்டுவிடுவாள். கந்துவட்டிக்காரர்கள் அவளிடம் பாடம் கேட்கலாம்.

நாலைந்து வருஷம் ஆனதும் வேலையை விட்டுவிடுவாள். அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் சர்வீஸ் பணமாக வரும். ஊரில் அதற்குப் பெயர் தம்பி கல்யாணம். அவள் அகராதியில் அது ஆறு மாத ஊர்சுற்றல். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போதிய காலம் செல்லுபடியாகும் வளைகுடா நாட்டுக் குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் ஜார்ஜியாவில் விசா கேட்கமாட்டார்கள். ஆகவே விசா கேன்சல் ஆவதற்கு முந்தியே அங்கே போய்வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் பாஸ்போர்ட் தன் சொந்தக் காலில்தான் நிற்கும். நேபாளம், தாய்லாந்து என்று அக்கம்பக்கத்தில் சுற்றிக்கொள்ளலாம். ரெண்டு வருஷத்துக்கு மேல் வேலையில் இடைவெளி விழுந்தால் நர்ஸ் லைசென்சுக்கே சிக்கல் என்பதால், அதற்குள் மறுபடி யூனிஃபார்முக்குள் புகுந்துவிடுவாள்.

பொறுப்பில்லாதவள் என்று சொல்லவும் வழியில்லை. கோர்ஸுக்கு வாங்கிய கடன், லைசென்சுக்கான பிரோமெட்ரிக் பரீட்சைக்கும் சான்றிதழைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவுக்கும் கட்டிய பணம், தம்பியின் காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றையும் முதல் மூன்று வருஷத்திலேயே தீர்த்துவிட்டாள். விசைத்தறியில் நின்று காது மந்தமான அவளுடைய அப்பா, யார் புகார் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். அவருக்குக் காது எந்த அளவுக்குக் கேட்கும் என்பது அவருக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கணக்கு நேராக இருக்கிறதே, எங்கே பிடிப்பது என்றுதான் தெருவுக்கு எரிச்சல்.

எரிச்சல்படுகிறவர்களும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். மருத்துவமனையில் சிஸ்டர், தெருவில் இலவச சிஸ்டர். திண்ணையில் வரிசை. அத்தை முதல் ஆள். சிஸ்டர் பிரசர் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிக்கும்போதே ஆரம்பிப்பாள்.

"வயசு முப்பத்தொண்ணு ஆச்சு. கல்யாணம் எப்பட்டி?"

"பேசாதீங்க அத்தை. பேசுனா பிரசர் கூடிக் காட்டும்."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். பட்டை காற்று இறங்கியதும், "எவ்வளவு?" என்றாள்.

"நூத்தி அறுபது. கருவாட்டைக் குறைங்க."

"கருவாட்டை விடு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இன்னொரு தரம் பார்த்திருவோம்" என்று மறுபடி காற்றடித்துவிட்டாள். இப்படியே மூன்று தடவை.

அடுத்த ஆள் ஆச்சி. கோமதியம்மன் கோயில் ஆடித்தவசுக்கு வருஷம் தவறாமல் போகிறவள். "அந்த அம்மாவே ஒத்தக் கால்ல நின்னுதான் சங்கரநாராயணரைப் பார்த்தா. நீ ரெண்டு கால்லயும் ஓடிக்கிட்டே இருக்கியே, யாரைப் பாக்கப் போறே?" என்பாள். சிஸ்டர் பதிலுக்கு அவள் விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பாள். ஆச்சி மட்டும் காந்தத்தைக் குறை சொன்னதில்லை. ஜாக்கெட் தைக்கும்போது தரையில் சிந்திய குண்டூசிகளைத் திபிலிசியால் தடவிப் பொறுக்குகிறாள். கண் மங்கிய காலத்தில் அவளுக்கு அது பெரிய சகாயம்.

லீவு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது அத்தை மறுபடி வந்தாள். பிரசர் பார்க்க இல்லை. உட்காராமல், கதவோரம் நின்று, முந்தானையைத் திருகிக்கொண்டு, "வீட்டுல புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கு. ரெண்டு கதவு. பாக்க வெறிச்சுன்னு இருக்கு..." என்று இழுத்தாள்.

சிஸ்டர் பையைத் திறந்தாள்.

"அந்த ஊசி பொறுக்குறது வேண்டாம்" என்றாள் அத்தை. "பாரிஸ் இருந்தா குடு."