கோன் அமரும் இடம்: தையல் இயந்திரவியலில் தீராத ஒரு வழக்கு

கோன் என்றால் தமிழில் அரசன். நூல் கடையில் கோன் என்றால் கூம்பு வடிவ அட்டையில் 5000 மீட்டர் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்பது. முன்னது நம்முடைய பழஞ்சொல். பின்னது பைன் மரக்காயைக் குறித்த கிரேக்கச் சொல். ஆங்கிலத்தின் வழியே திருப்பூர் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் வீட்டுத் தையல் மெஷின் முன்னால் இரண்டுக்கும் ஒரே சிக்கல்: எங்கே உட்கார வைப்பது?

சிக்கலின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெய்ஸ்லி நகரத்துக் க்ளார்க் குடும்பத்தார் தையல் நூலைச் சிறு மரக்கட்டையில் சுற்றி விற்றார்கள். கட்டைக்குத் தனியாக அரைப் பென்னி. காலிக் கட்டையைக் கொண்டுவந்தால் காசு வாபஸ், நம்மூர் சோடா பாட்டில் கணக்குப் போல. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கிய காலத்தில் வீடுகளில் இருந்ததும் அந்த மாதிரிக் கட்டைதான். இன்றைக்கும் உஷாவோ மெரிட்டோ, எந்த வீட்டு மெஷினின் தலையிலும் நிற்கும் நூல்கண்டுக் கம்பி சுண்டுவிரல் பருமனைத் தாண்டுவதில்லை. கோனோ நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடும் பனியன் கம்பெனி மெஷினுக்காகப் பிறந்தது. பொருத்தம் பார்க்காமல் முடித்த சம்பந்தம் இது.

இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? கணக்கு அப்படி. 5000 மீட்டர் நூலை நிமிர்த்தினால் 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை 69 முறை அளந்த பிறகும் மிச்சம் இருக்கும். ஒரு மீட்டர் தையலுக்கு மேல்நூலும் அடிநூலும் சேர்ந்து இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் செலவாகும் என்று வைத்தாலும், ஒரு கோனில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தைக்கலாம். பாதி ஜாக்கெட்டில் நூல் தீர்ந்து, அதே கலர் கடையிலும் தீர்ந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதல் பரிசோதனை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: கோனைத் தூக்கி அந்தக் கம்பியிலேயே கவிழ்ப்பது. சிறு கண்டு கம்பியில் சுழன்று, நூலைப் பக்கவாட்டில் விடும். 40/2 நூல் கோனோ 150 கிராமுக்குச் சற்றுக் குறைந்த பாரம். அதைச் சுழற்றும் வேலை பாவம் அந்த நூலுக்கே வந்து சேருகிறது. தைக்கத் தொடங்கினால் நூல் விறைத்து ஊசியை வளைக்கும். நிறுத்தினால் கோன் மட்டும் நிற்காமல் சுற்றி, தளர்ந்த நூல் கம்பியின் அடியில் போய்ச் சிக்கும். துணி சுருங்கும், நூல் அறும், பழி டென்ஷன் தட்டின் மேல் விழும். அதைத் திருகித் திருகியே மாலைப்பொழுது போய்விடும்.

கோன் சுழலப் பிறந்ததே இல்லை. அது அசையாமல் நிற்க வேண்டும். நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்டிருப்பதால் நுனி வழியாக மேல்நோக்கித் தானே உருவிக்கொண்டு வரும். கம்பெனிகளில் கோன் ஸ்டாண்டில் நூல் வளையத்தைக் கோனின் உச்சிக்கு நேர் மேலே, கோனின் உயரத்தைப் போல இரண்டு இரண்டரை மடங்கு உயரத்தில் வைப்பது இதனால்தான். வழுக்கி இறங்கும் நூல் அடியில் புகாதபடி கீழே பஞ்சு வட்டு ஒன்றும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் அறிஞர் உலகம் பிளவுபடுகிறது.

டம்ளர்க் கொள்கையினர் கோனை எவர்சில்வர் டம்ளரில் இறக்கி மெஷினுக்குப் பின்னால் வைப்பார்கள். கோன் சாயாது, உண்மை. ஆனால் நூல் சரிவாக வருவதால் டம்ளர் விளிம்பில் உரசும். ஜன்னல் கொள்கையினர் கோனைத் தரையில் நிறுத்தி, நூலை ஜன்னல் கம்பிக்கு மேலே ஏற்றி மெஷினுக்கு இறக்குகிறார்கள். பார்க்கச் சிலந்தி வலை மாதிரி இருந்தாலும் இயற்பியல் இவர்கள் பக்கம். வீட்டில் பூனை இல்லாதவரை. மூன்றாவது கூட்டம் கோனிலிருந்து இரண்டு பாபின் சுற்றி, ஒன்றைக் கீழேயும் இன்னொன்றைக் கண்டு இருக்க வேண்டிய கம்பியிலும் மாட்டிவிடும். வேலை சுத்தமாக நடக்கும். என்றாலும் ஐயாயிரம் மீட்டரை வாங்கிவிட்டு அதைப் பாபின் பாபினாகக் கடன் வாங்கித் தைப்பதை இந்த ஆய்வு கொஞ்சம் ஏளனத்தோடுதான் பதிவு செய்கிறது.

இந்த ஆய்வின் ஓட்டு ஊக்குக்கே. மெஷின் தலையின் பின்புறம் ஓர் ஊக்கை, சுருள் வளையம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி டேப் போட்டு ஒட்ட வேண்டும். கோனை அந்த வளையத்துக்கு நேர் கீழே நிறுத்தி, நூலை அதில் கோத்துவிட்டால் போதும். செலவு ஒரு ரூபாய்க்குள். இதில் ஒரு குடும்பக் கதையும் ஒளிந்திருக்கிறது. ஊக்குக்கு 1849இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் வால்ட்டர் ஹண்ட், 15 டாலர் கடனை அடைக்க அதை 400 டாலருக்கு விற்றவர். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் தையல் மெஷின் ஒன்றையும் அவர் செய்திருந்தார், காப்புரிமைதான் வாங்கவில்லை. கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களின் வேலை போய்விடும் என்று தயங்கினார் என்பார்கள். தகப்பன் கைவிட்ட இரண்டு பிள்ளைகளும் கடைசியில் ஒரு கோனை முன்னிட்டு ஒட்டிக்கொள்கின்றன, அதுவும் செல்லோ டேப்பால்.

தையல் மெஷினைப் பற்றிப் பேசியவர்களில் காந்தியை விட்டுவிட முடியாது. இயந்திரங்களின் மேல் கோபமாக இருந்த அவர், 1924இல் ஜி. ராமச்சந்திரனோடு பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர். கோன் விஷயத்தில் காந்தியின் நிலைப்பாடு என்ன என்று அவர் கேட்காமல் விட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

நிறச் சிக்கல் தனி. கோன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையோ கறுப்போ வாங்குவார்கள். பிறகு பச்சைப் பாவாடை, மெரூன் தலையணை உறை, அப்பாவின் காக்கி பேன்ட் எல்லாவற்றின் மடிப்பிலும் அதே வெள்ளைக்கோடு ஓடும். “உள்பக்கம்தானேக்கா, யார் பாக்கப் போறா?” என்பது தையல்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் தீர்ப்பு.

தீர்ந்த கோனின் அட்டையை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற இறுதி அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீட்டில் கோன் இன்னும் தீரவில்லை.