கழித்துப்போட்ட பெட்டிகளின் திருவிளையாடல்

1893இல் ராமநாதபுரம் சமஸ்தானம் சிகாகோவுக்கு ஓர் ஏற்றுமதிக்குக் கை கொடுத்தது. போனவர் சுவாமி விவேகானந்தர். அவரைப் போய்வாருங்கள் என்று ஊக்கம் கொடுத்து அனுப்பியவர்களில் சமஸ்தானத்து ராஜா பாஸ்கர சேதுபதியும் ஒருவர். போன காரியம் ஜெயம். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்கியபோது, ராஜாவே வரவேற்று, அவர் வண்டியையும் கையால் இழுத்தார்.

சிகாகோக்காரர்கள் பதில் மரியாதை செய்ய 94 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 1987இல் அங்கிருந்து ‘ஆசிட் டிராக்ஸ்’ என்றொரு இசைத்தட்டு வந்தது. ஃபியூச்சர் என்ற குழு போட்டது. பன்னிரண்டு நிமிஷம் ஒரே தாளம். அதன் மேல் ஒரு பெட்டி வயிற்றுவலி வந்ததுபோல் முனகிக்கொண்டே இருக்கும். ‘ஆசிட் ஹவுஸ்’ என்று பெயர் சூட்டி உலகம் ஆடித் தீர்த்தது. இதில் நமக்குத்தான் வயிற்றெரிச்சல். அதே பெட்டியை வைத்து ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் ஒருவர் பத்து ராகம் வாசித்து முடித்து, வாங்க ஆளில்லாமல் வீட்டுக்குப் போயிருந்தார்.

அவர் கதைக்கு முன்னால் நம்மூர்ப் பெட்டியின் கதை.

ராமநாதபுரம் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் நடக்கும். ‘வள்ளி திருமணம்’ போட்டால் முருகன் வருவதற்குள் பாதி ஊர் தூங்கிவிடும். பபூன் வந்தால் மொத்த ஊரும் எழுந்துவிடும். மேடையோரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். கூடவே டிரம்ஸ், தாளத்தட்டு இன்னபிற சாமான்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ‘ஆல்ரவுண்டு’ என்று பெயர். பபூன் வழுக்கி விழுந்தால் ஒரு டமார், டான்ஸ்காரி இடுப்பை வெட்டினால் ஒரு டிஷ்யூம். கை நொடி தப்பாது. கரண்ட் வேண்டாம், டீ வேண்டும். ஜப்பான்காரன் பிற்பாடு கண்டுபிடித்ததெல்லாம் இவருடைய டீச் செலவை மிச்சம் பிடிக்கும் வழிதான்.

ஆர்மோனியத்துக்கு வந்த கஷ்டம் வேறு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டி அது. இந்திய இசைக்கு அது கேடு என்று முழங்கியவர்களில் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற இன்னொரு வெள்ளைக்காரரும் உண்டு. கட்டைக்குக் கட்டை தாவத்தான் தெரியும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகத் தெரியாது, ஜாரு வராது, கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியே தள்ளியது. 1971 வரை உள்ளே விடவில்லை. டெல்லி தள்ளிய பெட்டியை நாடக மேடை தலையணை வைத்து உட்கார்த்திக்கொண்டது. ராஜபார்ட் கட்டை ஏற்றிப் பாடினால் தானும் ஏறி, எந்த வானொலியிடமும் அனுமதி கேட்காமல் அது பாட்டுக்குப் பாடியது.

இனி ஜப்பான். ஒசாகாவில் ஒருகாலத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த இகுதாரோ காகெஹாஷி 1972இல் ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்தார். 1980இல் அவர் கம்பெனி டி.ஆர்-808 என்ற தாளப்பெட்டியைக் கொண்டுவந்தது. வரிசையாக 16 பொத்தான். ஆதி தாளத்தை இரண்டு களையில் போட்டால் ஒரு ஆவர்த்தனம் கச்சிதமாக உட்காரும். தாளத்தை முடித்துவைக்கும் மோராவுக்கு மட்டும் மிருதங்க வித்வான் ராமநாதபுரம் முருகபூபதியைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். தட்டு ஓசைக்கு ஒரு ‘ஸ்ஸ்’ வேண்டும் என்று, தரச் சோதனையில் தோற்ற டிரான்சிஸ்டர்களைத் தேடிப்பிடித்து வாங்கிப் போட்டார்கள். நல்ல டிரான்சிஸ்டரில் அந்தச் ‘ஸ்ஸ்’ வராது. பிறகு டிரான்சிஸ்டர் செய்கிறவர்கள் தொழிலைத் திருத்தமாகக் கற்றுக்கொண்டார்கள். ஓட்டைச் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. 1983இல் 808க்கு மங்களம் பாடினார்கள். தரம் உயர்ந்ததால் செத்துப்போன சாதனம் உலகத்தில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

1981இல் அதற்குத் தம்பி பிறந்தான்: டி.பி-303. துணைக்கு ஆளில்லாத கிடார்க்காரருக்கு பேஸ் கிடார் வாசிக்கத்தான் அவனைப் பெற்றார்கள். அந்த ஒரு வேலையைத் தவிர எல்லாம் செய்தான். ஸ்வரங்களை முதலில் ஒரு தடவை வரிசையாக உள்ளே தள்ள வேண்டும். காலக்கணக்கைப் பிறகு தனியாகத் தள்ள வேண்டும். பாட்டை ஒருநாள் எழுதி, தாளத்தை மறுநாள் எழுதிய மாதிரி. பேட்டரி தீர்ந்தால் நினைவு குழம்பி, சொல்லிக்கொடுக்காத பாட்டையெல்லாம் அவனே பாடுவான். 1984இல் கம்பெனி கையைக் கழுவியது.

ஆனால் அவனிடம் ‘ஸ்லைடு’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் ஒரு ஸ்வரம் அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். ஆர்மோனியத்துக்கு எது வரவில்லை என்று 31 வருஷம் ஒதுக்கி வைத்தார்களோ, அது இந்த உதவாக்கரைக்குப் பிறவியிலேயே வந்தது.

அந்தப் பொத்தானின் அருமை தெரிந்த ஒருவர் பம்பாயில் இருந்தார். இந்தி சினிமா வாத்தியக் கோஷ்டிகளில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங். 808, 303, கூடவே ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், மூன்றையும் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு அதன் மேல் பைரவ், பூபாளி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகம் வாசித்தார். நம் கணக்கில் மாயாமாளவகௌளை, மோகனம், கல்யாணி, இந்தோளம். 1982இல் எச்.எம்.வி. வெளியிட்டது. டிஸ்கோக்காரர்களுக்கு ராகம் அதிகம். ராகக்காரர்களுக்கு டிஸ்கோ அதிகம். தட்டு தூங்கிவிட்டது.

‘ஆசிட் டிராக்ஸ்’ போட்ட சிகாகோ இளைஞர்கள் கையில் 303 சிக்கியபோது அது பழைய சாமான். எப்படி இயக்குவது என்று தெரியாமல் திருகுகளைத் திருகினார்கள். அந்தத் தெரியாமையே புகழாகிவிட்டது. 2002இல் ஹாலந்துக்காரர் எடோ பௌமன் சிங்கின் தட்டைத் தூசி தட்டி எடுத்து, 2010இல் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர் நம்பவில்லை. இது நேற்றுச் செய்து பழைய தேதி போட்ட மோசடி என்றார்கள். கச்சேரிக்கு அழைப்பு வந்தபோது சிங்குக்கு எழுபது வயது. 2015இல் காலமானார்.

நம் பக்கத்தில் இந்த மாதிரிப் பெட்டிகள் வேறு வேஷம் கட்டின. பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் சிங்களப் பெண்ணைக் காதலித்த ‘புன்னகை மன்னன்’ 1986இல் வந்தபோது, இளையராஜாவின் கம்ப்யூட்டர் இசை என்பதே ஒரு விளம்பரம். ராமநாதபுரம் கரையோரத்துக்குச் சிங்கப்பூர் அடுத்த தெரு மாதிரி. கோடாலித் தைலத்தோடும் டூ-இன்-ஒன்னோடும் காசியோ கீபோர்டும் வந்து இறங்கியது. இன்னிசைக் கச்சேரிகளில் ஆல்ரவுண்டு உட்கார்ந்த இடத்தில் ரிதம் பேட் உட்கார்ந்தது. உப்புக் காற்று பட்டுக் கட்டைகள் ஊமையானால் ரேடியோ கடைக்காரர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைப்பார். ரப்பரின் கரி தேய்ந்திருந்தால் பென்சிலை உரசிப் பேச வைப்பார்.

அமெரிக்காவில் இதே வேலைக்குப் பெரிய மரியாதை. 1960களில் ரீட் கசாலா என்ற பையனின் மேஜை டிராயரில் முதுகு திறந்து கிடந்த பொம்மை ஆம்ப்ளிஃபயர், இரும்பில் பட்டு ஷார்ட் ஆகிப் புதுசாக ஊளையிட்டது. அவர் அதைச் ‘சர்க்யூட் பெண்டிங்’ என்ற தனிக் கலையாகவே வளர்த்தார். ஆஸ்திரேலியாவில் ராபின் விட்டில் 303இன் வயிற்றைக் கிழித்து, திருகுகளைக் கூட்டி, ‘டெவில் ஃபிஷ்’ என்ற பெயரில் மாற்றிக் கொடுத்தார். கம்பெனி கைகழுவிய பையனுக்கு இன்று விற்கும் விலையில் ஒரு நல்ல மோட்டார் பைக் வாங்கலாம்.

கம்பெனி எதற்காகச் செய்தது என்பது கேட்லாக்கோடு முடிந்துபோகிற சமாசாரம். பெட்டிக்கு வாழ்வு கொடுத்தவர்கள் அதைத் தப்பாக வாசித்தவர்கள்தான்.

ஆகவே, பரண் மேல் ஊமையான காசியோ கிடந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். பேட்டரியில் மட்டும் ஓடுவதாகப் பார்த்துத் திறவுங்கள். பிளக்கில் செருகியதைத் திறந்தால் பாடப்போவது நீங்கள்தான். பல பெட்டிகளுக்குள்ளே ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு ரேடியோ வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைப் பற்றவைத்துத் திருகிப் பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் கூடக்கூடச் சுருதி பாதாளத்துக்கு இறங்கும். வீட்டில் யாராவது திட்டினால், எச்.எம்.வி.யிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.