படிக்காத மேதைகளின் பன்னாட்டு ஆய்விதழ்

காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துவிடுகிறது. ‘பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் மேலான ஆய்வுக் கட்டுரையை எங்கள் சர்வதேசப் பன்முக ஆய்விதழுக்கு அனுப்பி உதவுங்கள். ஐஎஸ்எஸ்என் உண்டு. டிஓஐ உண்டு. இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு. மூன்றே நாளில் வெளியீடு. எழுதிய அனைவருக்கும் தனித்தனிச் சான்றிதழ். இரண்டாவது கட்டுரைக்குத் தள்ளுபடி.’ அடியில் ஜிபே எண். பெறுகிறவர் என்ன படித்தார், எதை ஆராய்கிறார் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. தெரிந்து அவருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

இந்த வகை இதழ் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று கேட்பவர் விவரம் தெரியாதவர். கணிதம், அறிவியல், கணினிக் கல்வி, குடும்பச் சட்டம் எல்லாம் ஒரே அட்டைக்குள் அடக்கம். கிராமத்துச் சந்தையில்கூட மாட்டுக்கு ஒரு பக்கம், கருவாட்டுக்கு ஒரு பக்கம் என்று இடம் பிரித்திருப்பார்கள்.

வழக்கமான ஓர் இதழின் பொருளடக்கம் இப்படி இருக்கும். முதலில் ஃபஸ்ஸி மெட்ரிக் ஸ்பேஸில் ஒரு நிலைப்புள்ளித் தேற்றம். எப்போதோ நிரூபித்து முடித்த தேற்றத்தில் ஒரு நிபந்தனையை அரை அங்குலம் தளர்த்தி, அதற்குப் புதுப்பெயர் சூட்டியிருப்பார்கள். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் உதாரணம் ஒன்றாவது உண்டா என்று கேட்கக் கூடாது. அடுத்தது முருங்கையிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள். போன இதழில் துளசி, அதற்கு முந்தியதில் வேம்பு. இலைதான் மாறும், வரைபடம் மாறாது. மூன்றாவது, பைத்தான் கற்பிப்பதில் செல்போன் செயலியின் தாக்கம். வாத்தியார் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே கூகுள் ஃபார்ம் அனுப்பி, கை-ஸ்கொயர் போட்டு, மாணவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு கற்கிறார்கள் என்று கண்டுபிடித்திருப்பார். இன்டர்னல் மார்க் போடுகிறவர் கேட்டால் பிள்ளைகள் வேறென்ன சொல்லும்?

நான்காவது கட்டுரை ஜீவனாம்சம். 1985-இன் ஷா பானோ வழக்கில் தொடங்கி அங்கேயே முடியும். நடுவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவை ஆறு பக்கத்துக்கு அலசியிருப்பார்கள். அந்தச் சட்டமே 2024 ஜூலை 1-ஆம் தேதி விடைபெற்றுப் போய்விட்டது. ஜீவனாம்சம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் குடியிருக்கிறது. எழுதியவருக்கு இது தெரியாது. சரிபார்த்தவருக்கும் தெரியாது. சரிபார்த்தவர் என்று ஒருவர் இருந்திருந்தால்தானே!

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு, ஏற்கெனவே நடந்த சோதனைகள் இருக்கின்றன. 2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோயைக் கொல்லும் மூலக்கூறு பற்றி ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்தார். பள்ளிக்கூட அளவைக் கொஞ்சம் தாண்டி வேதியியல் தெரிந்தவர் யாரும் பிடித்துவிடும் பிழைகளை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். இல்லாத நிறுவனத்திலிருந்து இல்லாத விஞ்ஞானி எழுதியதாக 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து நடந்த இதழ்களில் ஏற்றுக்கொண்டவை 64, மறுத்தவை 15. முடிவுகளை ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்டது. நாம் வெட்கப்பட்டோமா? இல்லை. தொழிலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று புரிந்துகொண்டோம்.

அடுத்த ஆண்டு அதையும் தாண்டிவிட்டார்கள். தன்னை மின்னஞ்சல் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் ஒரே வசை வாக்கியத்தைப் பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்த ஒரு ‘கட்டுரை’. வரைபடத்திலும் அதே வசைதான். தொல்லை தாங்காத ஓர் ஆஸ்திரேலியப் பேராசிரியர் அதைக் கணினித் துறை இதழ் ஒன்றுக்குப் பதிலாக அனுப்பினார். மதிப்பீட்டாளர் ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பெண் போட்டார். இதழ் 150 டாலர் கேட்டது. திட்டியவனிடமே காசு கேட்கும் இந்தப் பக்குவம் ஞானிகளுக்குக்கூட வாய்ப்பதில்லை.

கடைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்பகக் குழுமத்துக்கு எதிராக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. பரம்பரைப் பெருமை பேசும் மேலைநாட்டுப் பதிப்பகங்களும் ஒன்றும் யோக்கியமில்லை. வைலி தான் வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஆனால் சரக்கை வாங்க ஆளில்லாமல் யாரும் கடை போடுவதில்லை. நம் ஊரில் வாங்குபவர்களை வரிசையில் நிறுத்தியது பல்கலைக்கழக மானியக் குழு.

2010-இல் ஏபிஐ என்ற புள்ளிக் கணக்கு வந்தது. ஆசிரியரின் அறிவைக் கூட்டல் கணக்காக்கினார்கள். 2018-இன் விதிப்படி அறிவியல் கட்டுரைக்கு 8 புள்ளி, கலை, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. கூட்டிப் பாருங்கள், 140 வருகிறது. ஐந்து பேர் சேர்ந்தால் முதல் ஆளுக்கு 70, மற்ற நால்வருக்கும் தலைக்கு 30, ஆக மொத்தம் 190. ஒரு கட்டுரை இரண்டு கட்டுரை அளவுக்குக் குட்டி போடும் இந்தக் கணிதத்தைக் கண்டுபிடித்தவர்கள்தாம் நாட்டின் கணித ஆய்வுக்குத் தரம் நிர்ணயிக்கிறார்கள். முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, நான்காவது இடத்துக்கு ஒரு விலை என்று சந்தை பிறந்ததில் என்ன ஆச்சரியம்?

பிறகு பட்டியல் நாடகம். 2017-இல் அங்கீகரித்த இதழ்கள் என்று ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள். 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கினார்கள். உள்ளே விடும்போது அவற்றை யார் படித்தது? பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து உள்ளே வந்த இதழ்களைச் சில அறிஞர்கள் ஆராய்ந்தபோது, 88 விழுக்காட்டுக்கு மேல் தேறாதவை என்று ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்தவை என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். 2019-இல் கேர் என்ற புதுப் பட்டியல் வந்தது. 2025-இல் அதையும் கைவிட்டு, நல்ல இதழை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அந்தப் பல்கலைக்கழகங்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை மானியக் குழு 2022-இல் நீக்கியது. பழகிய கை விடுமா? கட்டுரை கொண்டுவா, இல்லையேல் வைவா கிடையாது என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கல்லூரியை மதிப்பிட நாக் குழு வரும்போது ஃபைலில் எண்ணிக்கை வேண்டும். என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு எண்ணிக்கை வேண்டும். ஸ்காலர் கட்டிய பணத்தில் கைடு பெயரும் சேர்ந்து அச்சாகிறது. சில கல்லூரிகளில் தாளாளர் பெயரும்.

ராமானுஜனுக்குச் சிலை வைக்கிறோம், நாள் கொண்டாடுகிறோம். 1911-இல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அதற்கு முன் இதழாசிரியர் நாராயண ஐயங்கார் கைப்பிரதியைப் படித்துக் குழம்பி, வாசகருக்கு விளங்கும்படி எழுதச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினார். ராமானுஜனும் திருத்தித் திருத்தி எழுதினார். ராமானுஜனையே திருப்பி அனுப்ப ஓர் ஆசிரியர் இருந்த நாடு இது. இன்று திருப்பி அனுப்பப்படுவது ஒன்றே ஒன்றுதான், பணம் போய்ச் சேராத ஜிபே ரசீது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஏதாவதொரு குடும்பநல நீதிமன்ற வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்கட்டும். இடுப்பில் குழந்தையும் கையில் கட்டுப் பையுமாய், அடுத்த வாய்தா தேதியைக் கேட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் வரிசையாகத் தெரிவார்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுப்போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும், இரு தரப்பும் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. ஒரு மாவட்டத்தில் இது எத்தனை வழக்கில் நடந்தது? கணவர்கள் காட்டிய வருமானம் எவ்வளவு, உத்தரவான தொகை கைக்கு வந்ததா? கட்டுகளைப் புரட்டி, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசி இதை எழுதினால் அது ஆய்வு. இரண்டு வருஷம் முதுகு ஒடியும். கிடைப்பது என்னவோ, செத்துப்போன 125-ஐ நகலெடுத்தவருக்குக் கிடைத்த அதே புள்ளி. அவரோ இதற்குள் இருபது கட்டுரை போட்டுப் பதவி உயர்வும் வாங்கியிருப்பார்.

மாதம் சொற்பச் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர், நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நப்பாசையில் அதிலும் ஒரு பங்கை இந்தக் கடைகளுக்குக் கட்டுகிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவரைக் கட்டவைத்துவிட்டு, ஆராய்ச்சி நெறிமுறை பற்றி அவருக்கே ஒருநாள் பயிலரங்கு நடத்தி, அதற்கும் பதிவுக் கட்டணம் வாங்குகிறவர்கள் மீதுதான் கோபம்.

மருந்து எளிது. நேர்காணலில் புள்ளிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வந்தவருடைய ஒரே ஒரு கட்டுரையை எடுங்கள். மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, இந்த வரிக்கு என்ன பொருள், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பத்தே நிமிஷத்தில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆனால் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் முதலில் படித்திருக்க வேண்டும். படித்தே கேட்டாலும், எதிரில் இருக்கும் பையன் துணிந்து, ‘ஐயா, நம்ம ரெண்டு பேர் கட்டுரையும் ஒரே இதழ்லதான் வந்திருக்கு, உங்களது முப்பதாம் பக்கம்’ என்று சொல்லிவிட்டால்?