ஒரே பெட்டியா, இரண்டு பெட்டியா?

கே: என்னிடம் 100 வாட் ஹோம் தியேட்டர் ரிசீவர் இருக்கிறது. 200 வாட் தனி ஆம்ப் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகுமா?

ப: ஆகாது. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகப் பட வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி, அதாவது 1000 வாட். அதைத் தாங்கும் ஸ்பீக்கர் கிடைப்பது கஷ்டம்; தாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

கே: சரி, எனக்கு எத்தனை வாட்தான் வேண்டும்?

ப: உங்கள் ஸ்பீக்கரோடு வந்த தாளில் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். சோபா மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்து, காதுக்கு ஏறக்குறைய 80 டெசிபல் வந்து சேரும். வீட்டில் பெரும்பாலோர் வசனம் கேட்பது அதற்கும் கீழே. ஆக, கதாநாயகனும் கதாநாயகியும் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் உங்கள் 100 வாட் ரிசீவர் ஒரு வாட்டைக்கூட முழுசாகச் செலவழிப்பதில்லை.

குண்டு வெடிக்கும்போதுதான் வேலை. அந்தக் கணத்தில் சத்தம் 20 டெசிபல் எகிறினால் 100 மடங்கு வாட் வேண்டும். சினிமா அளவுகோல்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதை வீட்டில் அப்படியே கேட்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கில் 300 வாட்டைத் தாண்டும். அதிலிருந்து 10 டெசிபல் குறைத்துக் கேட்பவருக்கு சுமார் 30 வாட் போதும். நீங்கள் இந்த இரண்டு பேரில் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடைக்குப் போவது அதற்கப்புறம்.

கே: அப்படியானால் தனி ஆம்ப் வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாளிகளா?

ப: இல்லவே இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வால்யூமில் அது 8 ஓம் ஸ்பீக்கரைப்போல இரண்டு மடங்கு கரன்ட் இழுக்கும். பின்பக்கம் 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர்களிலும் சில, குறிப்பிட்ட அதிர்வெண்களில் 4-க்கும் கீழே இறங்கிவிடும். ரிசீவருக்குள் எல்லாச் சேனல்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஏழு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் '100 வாட்' பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்தது. சில விளம்பரங்களில் ஒரே சேனல், 6 ஓம், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் பெரிய எண்ணை நம்பாதீர்கள்.

பெரிய ஹால், தூரத்தில் சோபா, பசி அதிகமுள்ள ஸ்பீக்கர், சத்தமாகக் கேட்கும் பழக்கம்: இவை சேர்ந்திருக்கும் வீட்டுக்குத் தனி ஆம்ப் நியாயமான செலவு. சண்டைக் காட்சியில் சத்தம் காதைக் கீறுகிறதா? ரிசீவர் தானாக அணைந்து பாதுகாப்பு நிலைக்குப் போகிறதா? முதலில் வயர்களைச் சரிபாருங்கள். ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் அணையும். வயர் சரியென்றால் ஆம்ப் திணறுகிறது.

கே: கடையில் தனி ஆம்ப் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததே!

ப: இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் காட்டினார்களா? ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். தனி ஆம்ப்களின் கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) பல நேரம் கூடுதலாக இருக்கும். அதே வால்யூம் எண்ணில் அது முந்திக்கொள்ளும். அடுத்த தடவை மீட்டர் வைத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். அப்போதும் கண்டுபிடித்தால் தாராளமாக வாங்குங்கள்.

கே: வசனம் புரியவில்லை என்று அம்மா சொல்கிறார். ஆம்ப் மாற்றினால் சரியாகுமா?

ப: சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவி யூனிட்டின் அடித்தட்டில், ஷோகேஸுக்குள் தள்ளி, முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். அதைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, அம்மா உட்காரும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். நம் ஹால்களில் தரை டைல்ஸ், சுவர் செங்கல், மேலே கான்கிரீட். ஒவ்வொரு சொல்லும் நாலு முறை திரும்பி வருகிறது. கனமான திரைச்சீலையும் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தடித்த ஜமுக்காளமும் போடுங்கள். பிறகு ரிசீவரில் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்களுக்குப் படம் புரிவதைவிட முக்கியமான அப்கிரேட் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கே: ஆம்பை இணைக்க எக்ஸ்.எல்.ஆர். கேபிள் உண்மையிலேயே நல்லதா?

ப: நீளமான தூரத்துக்கு நல்லது, வழியில் சேரும் இரைச்சலைத் தள்ளிவிடும். ஒரே அலமாரியில் அரை மீட்டருக்கு ஆர்.சி.ஏ. போதும்.

கே: ரிசீவரில் சும்மா கிடக்கும் இரண்டு சேனலைக்கொண்டு முன் ஸ்பீக்கர்களை பை-ஆம்ப் (ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்) செய்யலாமா?

ப: செய்யலாம். அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் கொடுக்கப்போகிறது. வயர்தான் செலவு.

கே: ப்ராசசர் (ஒலியைச் சேனல்களாகப் பிரித்துத் தரும் பெட்டி), ஆம்ப் இரண்டையும் தனித்தனியாக வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள்.

ப: ஆம்ப் விஷயத்தில் அது ஏறக்குறைய உண்மை. சமிக்ஞை உள்ளே வரும், பெரிதாகி வெளியே போகும். அந்த வேலை மாறவே இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய நல்ல ஆம்ப் இன்றைக்கும் நல்ல ஆம்ப்தான்.

ப்ராசசர் அப்படியல்ல. 2012-இல் ஒருவர் அன்றைய மிகச் சிறந்த ப்ராசசரை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுவருடமே ஹெச்.டி.எம்.ஐ. 2.0 வந்தது. 2014-இல் டால்பி அட்மாஸ் வீட்டுக்கு வந்தது; 2015-இல் டி.டி.எஸ். எக்ஸ். 2017-இல் ஹெச்.டி.எம்.ஐ. 2.1. ஐந்தே வருடத்தில் அந்தப் பெட்டி தலைக்கு மேல் வரும் ஒலியையும் அறியாது, புது டிவியின் படத்தையும் கடத்தாது. அதற்குக் கொடுத்த விலை மட்டும் அப்படியே நினைவில் நிற்கும். சீக்கிரம் பழசாகும் பாகத்தில் குறைவாகவும், நீண்ட நாள் உழைக்கும் பாகத்தில் அதிகமாகவும் பணம் போடுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

அதற்கு வழி, ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்குச் சமிக்ஞை அனுப்பும் இணைப்பு) உள்ள ரிசீவர். 2022-இல் வந்த டெனான் ஏ.வி.ஆர்-எக்ஸ்3800ஹெச் ஓர் உதாரணம்: உள்ளே ஒன்பது ஆம்ப்கள், பதினொரு சேனல்கள்வரை பிரித்துத் தரும் மூளை, வெளியே எடுக்க ப்ரீ-அவுட்கள். இதோடு மூன்று சேனல் பவர் ஆம்ப் ஒன்றைச் சேர்த்து இடது, வலது, சென்டர் மூன்றையும் அதில் கொடுத்துவிடுங்கள். படத்தின் பெரும்பாலான ஒலி அந்த மூன்றில்தான் வருகிறது. சுமை இறங்கிய ரிசீவர் மற்ற ஸ்பீக்கர்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளும். நாளைக்குப் புதிய ஹெச்.டி.எம்.ஐ. வந்தால் ரிசீவரை மட்டும் மாற்றுவீர்கள். ஆம்ப் இருந்த இடத்திலேயே இருக்கும். தனி ப்ராசசர், பதிமூன்று பதினைந்து சேனல்களோடு தனி அறையே கட்டுகிறவருக்கு.

கே: ரிசீவர் தொட்டால் சுடுகிறது. கெட்டுவிடுமா?

ப: மூடிய ஷோகேஸுக்குள் வைத்தால் சீக்கிரமே. கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், கண்ணாடிக் கதவைக் கழற்றிவிடுங்கள். செட்-டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றாதீர்கள். இடம் நெருக்கடி என்றால் கிளாஸ்-டி ஆம்ப் பாருங்கள்; அவ்வளவாகச் சூடாகாது, கனமும் குறைவு.

கே: கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. ரிசீவர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆம்ப் வாங்கலாமா?

ப: நன்றாக ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பணத்தை வேறு பக்கம் திருப்புவோம். ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்புங்கள். இது இலவசம். ரிசீவரின் சுமையில் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்தது இரண்டாவது சப்வூஃபர். ஐந்து மீட்டர் நீள ஹாலில் 34 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ், சுவர்களுக்கு இடையே தேங்கி நிற்கும். சோபாவின் ஒரு மூலையில் இடிக்கும், நடுவில் காணாமல் போகும். எத்தனை வாட் ஆம்ப் போட்டாலும் இது தீராது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கும். மீதிப் பணத்தில் சென்டர் ஸ்பீக்கர். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், ஆம்பைப் பற்றிப் பேசுவோம்.

கே: ஏற்கெனவே ஆம்ப் வாங்கிவிட்டேன். வீட்டுக்கும் வந்துவிட்டது. முதலில் என்ன படம் போடட்டும்?

ப: வாழ்த்துகள்! படத்துக்கு முன்னால் ரிசீவரோடு வந்த மைக்கை எடுத்து அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். புது ஆம்பின் கெயின் வேறு. முன்னால் உள்ள மூன்று ஸ்பீக்கர்களும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டிருக்கலாம். படம் எதுவும் ஓடாதபோது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால், ரிசீவரையும் ஆம்பையும் ஒரே பிளக் வரிசையில் போட்டு, கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வயர்தான் காரணம். எர்த் முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து.