டி.வி. அலமாரியில் குடியேறிய பிள்ளையார்

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வீட்டார் வழக்கமாக ஒதுக்கும் வேலைகள் மூன்று: மின்கட்டணம் கட்டுவது, பேரனைப் பள்ளியில் விடுவது, தண்ணீர் கேன்காரருக்குப் போன் செய்வது. மேற்கு மாம்பலத்துத் தம்பி ஒருவர் இந்த மூன்றுக்கும் அடங்காமல் மரவேலையில் இறங்கினார். பணிக்காலம் முழுக்கப் பேரேடு புரட்டியவர். கையில் இழைப்புளி ஏறியதும் ஆளே மாறிவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் அவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைப் பரிசோதிப்பார். அக்கா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்.

"டேய், அதை விடு. கை அரிச்சா டி.வி.க்கு ஒரு அலமாரி பண்ணிக் கொடு" என்றாள் அக்கா.

அவள் மனத்தில் இருந்தது எண்பதுகளின் பெட்டி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த வருடங்களில் சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளின் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. நாலு கால், மர உடம்பு, இழுத்து மூடும் ஷட்டர் என்று அலமாரியும் டி.வி.யும் ஒரே பிறவியாக வந்த காலம் அது. தேர்வு சமயத்தில் அம்மாக்கள் ஷட்டரைச் சாத்திவிட்டால் மறுபேச்சு கிடையாது. இன்றைக்கோ டி.வி.யே ஒரு பலகையாக இளைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மறைத்து வைக்க மிச்சமிருப்பது செட்டாப் பாக்ஸும் வயர்களும்தான். அவற்றுக்காகவாவது கதவு வேண்டும் என்பது அக்காவின் முதல் நிபந்தனை. இரண்டாவது, முழுக்க முழுக்கத் தேக்கு.

அளவெடுப்பதிலேயே முதல் சண்டை. டி.வி. 55 அங்குலம், ஆகவே அலமாரி குறைந்தது 60 அங்குலம் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. டி.வி. அளவைக் குறுக்காக, மூலைக்கு மூலை எடுப்பார்கள், அகலம் 48 அங்குலம்தான் வரும் என்று தம்பி பைதாகரஸைத் துணைக்கு அழைத்தார். "அப்ப கடைக்காரன் ஏழு அங்குலம் ஏமாத்திட்டானா?" என்று அக்கா கேட்டதில் பைதாகரஸ் ஒதுங்கிக்கொண்டார். அலமாரி 60 அங்குலம் என்றே முடிவாயிற்று.

தேக்கு விவகாரம் அவ்வளவு சுலபத்தில் தீரவில்லை. மரம் அறுத்துக் காய்ந்த பிறகும் ஈரத்தைக் குடிக்கும், விடும். நார் ஓடும் நீளவாக்கில் அது ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும் கதவு சித்திரையில் இடைவெளி காட்டுவது இதனால்தான். பிளைவுட்டில் ஒரு தாளின் நார் நெடுக்காக ஓடினால் அடுத்த தாளின் நார் குறுக்காக ஓடும். ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் பலகை கிடந்த இடத்தில் கிடக்கும். ஆகவே அகலமான கதவுக்குப் பிளைவுட்டும் அதன் மேல் தேக்கு வினீரும்தான் சரி. இத்தனையையும் தம்பி பொறுமையாக விளக்கினார்.

"மேல ஒட்டற தேக்கு எவ்வளவு தடிமன்?"

"அரை மில்லிமீட்டர்."

"என் ரேஷன் கார்டே அதைவிடத் தடிமன்டா!"

அவள் சொன்னது உண்மை. ஸ்மார்ட் கார்டு முக்கால் மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆனால் இந்தப் புலம்பல் புதிதில்லை. மட்டமான மரத்துக்கு விலையுயர்ந்த மரத்தைத் தோலாகப் போர்த்துகிறார்களே என்று ரோமானிய அறிஞர் பிளினி அலுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வெசுவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் இறந்தவர். எகிப்தியர்களோ அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருங்காலியையும் தந்தத்தையும் மெல்லிசாகச் சீவிச் சாதாரண மரத்தில் ஒட்டினார்கள். ஹோவர்ட் கார்ட்டர் 1922இல் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் அந்த வேலைப்பாடு கொண்ட சாமான்கள் இருந்தன. "ராஜாவுக்கே ஒட்டின மரம்தான் அக்கா" என்றார் தம்பி. "செத்த ராஜாவுக்குத்தானே" என்றாள் அக்கா. ஆனாலும் சம்மதித்தாள்.

சரக்கு வாங்க சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனார்கள். பிளைவுட்டின் மேல் குத்தியிருக்கும் முத்திரையில் ஐ.எஸ். 303 என்றிருந்தால் பொதுவான உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்றிருந்தால் தண்ணீர் தாங்கும் மெரைன் ரகம். ஹாலில் வைக்கும் அலமாரிக்கு முதல் வகை போதும் என்று தம்பி வாதாடினார். அக்கா தன் ஃபிளாட் அடையாற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை நினைவூட்டினாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. மெரைனே வந்தது.

வினீரில் தம்பி தேர்ந்தெடுத்தது ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்கள். அவற்றைப் புத்தகம் விரிப்பதுபோல் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு தாளின் ரேகை மற்றதில் கண்ணாடிப் பிம்பமாக விழும். புக் மேட்ச் என்பார்கள். இடது கதவில் ஒன்று, வலது கதவில் ஒன்று. மூடினால் நடுவில் சேர்ந்து ஒரே சித்திரமாகும்.

ஒட்டும் வேலையில் ஒரு விதி உண்டு. முன்பக்கம் மட்டும் ஒட்டினால், பசையின் ஈரம் காயும்போது வினீர் சுருங்கிப் பலகையை வளைத்துவிடும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, இழுப்பைச் சமன் செய்ய வேண்டும். யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கு எதற்குத் தேக்கு என்று அக்கா கேட்டதால் அங்கே விலை குறைந்த வினீர் போயிற்று. ஃபெவிகாலைச் சீராக இழுத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் இன்னொரு பலகை வைத்தார். பிளாஸ்டிக் போடாவிட்டால் ரேகைத் துளை வழியாகக் கசியும் பசை மேல் பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாரத்துக்கு அம்மிக்கல், அரிசி மூட்டை, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும்.

மறுநாள் பாரத்தை இறக்கி, பாலிஷ் ஏறினால் எப்படித் தெரியும் என்று பார்க்க ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தார். தேக்கு கறுத்து, ரேகை எழும்பியது. இரண்டு பக்கமும் அகன்ற காது, நடுவில் இறங்கும் தும்பிக்கை, மேலே இரண்டு முடிச்சு கண்ணாக. இடமும் வலமும் ஒரே அச்சாக அமையும் எந்த ரேகையிலும் மனிதக் கண் ஒரு முகத்தைத் தேடிப் பிடித்துவிடும். தம்பிக்கு அது தெரியும். அக்காவுக்குத் தெரிந்தது பிள்ளையார்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது மரத்தில் இல்லை, சந்நிதியில். நகத்தால் தட்டிப் பார்த்தபோது தும்பிக்கையில் ஓரிடம் மட்டும் 'டொக்' என்று வெற்றொலி கொடுத்தது. உள்ளே காற்று. இதற்கு வைத்தியம் உண்டு: நார் ஓடும் திசையில் பிளேடால் ஒரு கீறல், சிரிஞ்சில் பசை, மேலே ஒரு தாள், அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி. தம்பி சிரிஞ்சை எடுத்ததும் அக்கா பதறினாள். "பிள்ளையாருக்கு ஊசி போடறியா?" நல்ல நேரம் பார்த்து, பத்தரைக்கு மேல், ஊசி போடப்பட்டது. தும்பிக்கை படிந்தது.

அவர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் நெற்றியில் குங்குமம் ஏறியிருந்தது. பாலிஷ் போடாத தேக்கு எதையும் உறிஞ்சும். 320ஆம் நம்பர் உப்புத்தாளால் மெல்ல இரண்டு தேய்ப்பு தேய்த்தார். மூன்றாவது தேய்ப்பில் பிளைவுட் எட்டிப் பார்க்கும் என்று கை நின்றுவிட்டது. அரை மில்லிமீட்டரில் அவ்வளவுதான் இடம். மிச்சமிருந்த சிவப்போடு மெலமைன் பாலிஷ் ஏறியது. இனி அந்தப் பொட்டை யாராலும் அழிக்க முடியாது.

அலமாரி ஹாலுக்குப் போனது. கீலில் தொங்கிய இரண்டு கதவும் அரை நூல் இடைவெளியில் நேராக நின்றன. எல்லாரும் பாராட்டினார்கள். செட்டாப் பாக்ஸை உள்ளே வைத்து, ரிமோட் வேலை செய்யக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார் தம்பி.

"திறந்தா முகம் ரெண்டாப் பிளக்குமேடா!"

ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைக் கடக்கும், மெரைன் பிளைவுட்டைக் கடக்காது. கடைசியில் ஒரு ஐ.ஆர். எக்ஸ்டெண்டர் வாங்கினார்கள். அதன் ஒரு முனை பாக்ஸின் மேல் ஒட்டிக்கொள்ளும். கதிரை வாங்கும் மறுமுனை, மிளகு அளவுக் கறுப்புக் கண், கதவுக்கு மேலிருக்கும் சட்டத்தில் துளை போட்டுப் பொருத்தப்பட்டது. சரியாகப் பிள்ளையார் கிரீடத்தின் உச்சியில். இப்போது தினமும் இரவு ஏழரைக்கு அக்கா ரிமோட்டோடு சோபாவில் உட்கார்ந்து, பிள்ளையாரை நோக்கிக் கையை நீட்டி, சன் டி.வி. கேட்கிறாள். உடனே வருகிறது. இதைப் பார்த்த கீழ்வீட்டு மாமி தனக்கும் ஒரு அலமாரி வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் முருகன் வர வேண்டுமாம், மயிலோடு.