சிலந்திக்கு வீடு மாற்றும் நாட்டிலிருந்து

அன்பின் மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. நீங்கள், மாமி, பிள்ளைகள், கேட்காமல் வளவுக்குள் வந்து மேய்ந்துவிட்டுப் போகிற மன்னார்க் கழுதைகள் உட்பட எல்லோரும் நலமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். ஜேர்மன்காரர் சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்களாமே, அது வளர வளர வீடும் மாற்றிக் கொடுக்கிறார்களாமே, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். வேலை இருக்கிறது மாமா. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து, குப்பையை நாலு நிற வாளியில் பிரித்துப் போட்ட பிறகுதான் இதைச் செய்கிறார்கள். சிரிக்கிறதற்கு இதில் நிறைய இருக்கிறது. ஆனாலும் சிலந்தியை இடம் மாற்றும் வித்தையில் இவர்கள் கண்டுபிடித்திருக்கிற ஒரு விஷயம் பேசாலையிலும் தலைமன்னாரிலும் எங்கள் வீட்டுத் தும்புத்தடியைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் கட்சி. வேகமும் வெருட்சியும் உள்ள பிராணியை நாங்கள் இடம் மாற்றக் கூடாது. அது தானாகவே மாறிப் போகிற மாதிரி இடத்தை அமைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதை நிறுவத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

ஹம் என்ற ஊரை உங்களுக்குத் தெரியும். 2002இல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற ஊர். தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்கடை சனம் போகிற இடம். அதே ஊரில்தான் டெராரிஸ்டிகா என்ற சந்தையும் வருஷத்துக்கு நாலு தரம் கூடுகிறது. பாம்பு, பல்லி, தவளை, சிலந்தி விற்கிற சந்தைகளில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. மேசை மேசையாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லத்தீன் பெயர், உள்ளே எட்டுக் கால். ரயிலில் மடியில் பெட்டி வைத்திருக்கிற இரண்டு பேரில் யாரிடம் பிரசாதம், யாரிடம் டரான்டுலாச் சிலந்தி என்று இறங்கும்வரை தெரியாது. அந்த லத்தீன் பெயர்களில் ஒன்று எங்கள் ஊர்க்காரருடையது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா என்று 2004இல் ஆங்கிலேயரான அன்ட்ரூ ஸ்மித் பெயர் வைத்தார். இராமேஸ்வரத்து ஹனுமாவிலாசம் கோயிலின் பெயர் அது. இராமேஸ்வரம் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, அழியும் தறுவாயில் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். 2015இல் ரணில் நாணயக்காரவும் கூட்டாளிகளும் அதே சிலந்தி மன்னாரிலும் இருக்கிறது என்று எழுதினார்கள். கடைசிப் பனிக்காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து, இராமர் அணைப் பக்கம் வெறும் தரையாகக் கிடந்தது. தனுஷ்கோடிக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்காமலேயே இரண்டு கரையிலும் குடியிருந்த சாதி இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டரான்டுலாக்களில் அமெரிக்கக் கண்டத்துச் சாதிகள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு மயிர் உண்டு. கோபம் வந்தால் பின்னங்காலால் அதை உதறிவிடும். கண்ணில் பட்டால் பெரிய உபத்திரவம். ஆசிய ஆபிரிக்கச் சாதிகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றிடம் இருப்பது ஓட்டமும் பல்லும் மட்டும்தான், அதனால் இரண்டையும் நன்றாகவே வைத்திருக்கின்றன. எங்கடை பொசிலோதீரியாக் குலத்துச் சிலந்திகள் மரப்பொந்துச் சாதி. பொந்துக்குள் ஒளிவது அவற்றின் முதல் விருப்பம், ஓடுவது இரண்டாவது, முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது மூன்றாவது, கடி கடைசி. ஆட்கள் பயப்படுவதோ இந்த வரிசையைத் தலைகீழாக வாசித்துவிட்டு. எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டம். காலில் இருக்கிற நுண்ணிய மயிர்களால் அதிர்வையும் காற்றசைவையும் பிடித்துத்தான் உலகத்தை அறிகிறது. நீங்கள் மாமியிடம் மெல்லப் பேசுகிறதாக நினைத்து விடுகிற மூச்சுக்கூட அதற்கு ஒரு பெரிய மிருகம் நெருங்குகிற செய்தி. இன்னொன்று: சிலந்தி காலை நீட்டுவது தசையால் அல்ல, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால். அந்த மின்னல் ஓட்டமும் சில செக்கனுக்குத்தான்; பிறகு களைத்து நிற்கும். அந்தச் சில செக்கனில் அதைவிட வேகமாகக் கையை நகர்த்தலாம் என்று நினைக்கிறவன்தான் கடி வாங்குகிறான். வேகத்தில் போட்டி போடுவதையே விட்டுவிட்டவனுக்கு அந்தச் செக்கன்கள் வெறுமனே கழிந்து போகின்றன.

இங்கே அனுபவசாலிகள் செய்கிற முறை இப்படி. பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டையும் உயரமான பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைக்கிறார்கள். ஓடினாலும் தொட்டிக்குள்தான் ஓடும். சிலர் குளியலறையில் வைத்துச் செய்வார்கள். தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, கதவின் கீழ் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு. நேரம் பகல், வெளிச்சம் நன்றாக வேண்டும், ஏனென்றால் அது இராச் சீவன். பகலில் தக்கைமரப் பட்டைக் குழாய்க்குள் போய்ச் சுருண்டிருக்கும். குழாயின் இரண்டு வாயையும் துணியால் அடைத்து, குழாயோடு தூக்கிப் புது வீட்டில் வைத்து, ஒரு பக்கத்துத் துணியை நீண்ட இடுக்கியால் இழுத்துவிட்டு மூடியைப் போட்டால் வேலை முடிந்தது. சிலந்திக்குத் தான் வீடு மாறியதே இரவுக்குத்தான் தெரியவரும். எங்கள் சனத்தை எத்தனை தரம் எழுப்பிக் குடியேற்றினார்கள். ஒரு தரமாவது குடியிருந்த கூரையோடு கொண்டுபோய் வைத்தார்களா? சரி, அதை விடுவோம். குழாய்க்கு வெளியே நின்றால் வேறு வழி: அடிப்பக்கம் வெட்டிய பெரிய சோடாப் போத்தலை அதன் முன்னால் வைத்து, மென்மையான தூரிகையால் பின்னங்காலை மட்டும் தொடுவார்கள். தள்ளுவதில்லை, தொடுவது. அது ஒரு எட்டு முன்னே வைக்கும், நிற்கும். நீங்களும் நிற்க வேண்டும். இன்னொரு தொடுகை, இன்னொரு எட்டு. போத்தலுக்குள் போனதும் பின்பக்கம் ஒரு மட்டையைச் சொருகினால் ஆயிற்று. முன்காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டால்? தூரிகையை எடுத்து, மூடியைப் போட்டுவிட்டு, பிறகு வருவது. பேசாலைக் கடலில் சிறகுவலை கட்டுகிறவர்கள் மீனைத் துரத்தியா பிடிக்கிறார்கள்? மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து வலையைக் கட்டிவிட்டுக் கரையில் இருக்கிறார்கள் அல்லவா, இதுவும் அந்தக் கணக்குத்தான்.

நீங்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் போட்டால் என்ன? கையுறையால் வருகிற ஆபத்து அது தருகிற தைரியம். போட்டவன் கையை உள்ளே விடுகிறான், போடாதவன் விடுவதில்லை. அதோடு தடித்த தோலுக்குள் விரலுக்கு உணர்ச்சி இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் காலை முறித்துவிடலாம், வயிற்றை நசித்துவிடலாம். உதறினாலும் ஆபத்து சிலந்திக்குத்தான்: அந்த வயிறு மெல்லிய தோல் பை, மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துச் சாகக்கூடும். அடுத்தது, குளிரூட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் மந்தமாகிவிடும் என்று ஒரு பழைய யோசனை. மந்தமாகும்தான், ஆனால் எப்போது மந்தம் தெளியும் என்று அது சொல்லிவிட்டுத் தெளிவதில்லை. மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் நியாயமானது. இவ்வளவு கரைச்சல் எதற்கு, மாற்றாமலே விட்டால் என்ன? பாதி சரி. தோலுரிக்கப் போகிற சிலந்தியையும் இப்போதுதான் உரித்து முடித்த சிலந்தியையும் தொடவே கூடாது. புதுத் தோல் இறுகும்வரை பல்லுக்கூட மெத்தென்று இருக்கும். உண்மையான காரணம் இல்லாமல் வீடு மாற்றுவது வளர்க்கிறவனின் பொழுதுபோக்கு, சிலந்தியின் தேவை அல்ல. பெட்டி உண்மையாகவே சிறுத்துவிட்டால் மட்டும் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் பெட்டிச் சிலந்திக் கதை, எங்களுக்கு என்ன என்று மாமி கேட்பா. பனையின் கங்கு மட்டைக்குள்ளும் புளியம்பொந்திலும் இருக்கவேண்டிய சிலந்தி, மரம் வெட்டினால் வீட்டுக்குள் வரும். 2012இல் வடக்கிலிருந்து புதிதாக விபரித்த பொசிலோதீரியா ராஜேயி பழைய மரங்களில் மட்டுமல்ல, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் விடுதியிலும் அகப்பட்டது. ஆய்வாளர்களோடு காடு சுற்றிய பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். வடக்கில் பொலிஸ் கூட வந்ததால் ஒரு நல்ல காரியம் நடந்ததென்று எழுத்தில் இருப்பதற்கு இது ஒரு சாட்சி. வீட்டுக்குள் வந்ததைக் கண்டதும் நாங்கள் என்ன செய்கிறோம்? தும்புத்தடி. மரச்சாதிக்கு ஆபத்தென்றால் மேலே ஏறத்தான் தெரியும். அறையில் மேலே ஏறக்கூடியவை மூன்று: சுவர், தும்புத்தடி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். முதல் அடி தப்பினால் மற்ற இரண்டும் ஒரே வழிதான். அகலவாய்ப் போத்தலையோ ஐஸ்கிரீம் டப்பாவையோ மெல்ல அதன்மேல் கவிழ்த்து, கலண்டர் மட்டை ஒன்றைச் சுவரோடு ஒட்டிச் சொருகி, அதே வளவில் ஒரு பழைய மரத்தடியில் போத்தலைச் சரித்து வைத்துவிட்டு வந்தால் போதும். போத்தலைவிடப் பெரிய சிலந்தியென்றால் வாளி. சுவரில் ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் இருந்தால் கீழே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் போத்தல் வித்தையைச் சுருட்டை விரியனிடம் காட்ட வேண்டாம்; அது வேறு கணக்கு.

குழந்தைகள் இருக்கிற வீடு, கடித்தால் யார் பொறுப்பு என்பதுதான் பலமான எதிர்ப்பு. இதை நான் இலேசாகத் தட்டிவிடவில்லை. 2014இல் டொக்ஸிகன் என்ற ஆய்வு இதழில் இந்தக் குலத்துச் சிலந்திக் கடிகளை எல்லாம் திரட்டி ஒரு கட்டுரை வந்தது. கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தசைப்பிடிப்பு. கடித்த உடனே இல்லாமல் மணித்தியாலங்கள் கழித்து வந்து, நாட்கணக்கில் ஆளை வருத்தும் பிடிப்பு. இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது, நோவைக் குறைக்கத்தான் மருந்து. டரான்டுலாக் கடியால் ஆள் செத்ததாக உறுதியான பதிவு இல்லை, ஆனால் சாகவில்லை என்பது சுகமாக இருந்தது என்று அர்த்தமாகாது. கடித்தால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீறுவது, கட்டுவது, பார்வை பார்ப்பது ஒன்றும் வேண்டாம். இந்த ஆதாரம் உங்கள் பக்கம் போல இருக்கும். எனக்கு அது என் பக்கம். இது கடிக்கக்கூடிய, கடித்தால் நோகக்கூடிய பிராணி என்பதால்தான் அதை வெருட்டுகிற முறை பிழை என்கிறேன். கடிக்காத பூச்சியென்றால் எப்படி அடித்தால் என்ன, தும்புத்தடிக்குத்தான் சேதம்.

கடைசியாக, சின்ன மச்சான் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். இவ்வளவு மதிப்பென்றால் நாலைந்தைப் பிடித்துப் பஞ்சு வைத்துப் பார்சலில் அனுப்பட்டுமா என்று. அவனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் அனுப்பினால் வழக்கு. 2019இல் இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து பிரேரித்து, பொசிலோதீரியாக் குலம் முழுவதையும் காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டன. அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். இங்கே விற்கிறவனும் சிலந்தி எங்கே பிறந்தது, யாரிடம் வாங்கியது என்று கடதாசி காட்டவேண்டும். என்னிடம் முதல் விசாவுக்குக் கேட்டதைவிடச் சிலந்தியிடம் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். சட்டத்தை விட்டாலும் வியாபாரம் ஓடாது. ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் ரயில்வே மரக்களத்தில் அகப்பட்டு 1899இல் பெயர் பெற்ற நீலச் சிலந்தி ஒன்று, நூறு வருஷம் கழித்துக் காட்டில் திரும்பக் கண்டுபிடிபட்டபோது கொள்ளை விலை போனது. பெட்டிகளுக்குள் குஞ்சு பொரித்துப் பெருகியதும் விலை இறங்கிவிட்டது. ஒரு முட்டைப் பையில் நூறு குஞ்சு மட்டில் வரும் சாதியில் கடத்திக்கொண்டு வந்து லாபம் பார்க்க மச்சானால் ஏலாது.

கருவாடு என்றால் வேறு கதை. ஆள் கையில் கொண்டுவரும் மீன் சாமானுக்கு ஐரோப்பியச் சட்டம் 20 கிலோ வரை இடம் விட்டிருக்கிறது. ஆடியில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் தாழ்வுபாட்டுக் கட்டாப் பாறையும் பேசாலைச் சூடையும் கொடுத்துவிடுங்கள். நாலு பொலித்தீனில் சுற்றி, மணம் வெளியே வராமல்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்