நமக்குள்ளே மட்டும்

(மாட்டுப்பட்டி, தேயிலைத் தோட்டத்து லயம். டேப்லெட்டும் தாளுமாக ஏஜெண்டு மருமகன். தூக்கம் தொலைந்த அத்தை.)

ஏஜெண்டு: கவுன்சலிங்குக்கு எதுக்கு அத்தே கைக்காசு? மவன் ஆபீஸு பாலிசியில நீங்களும் இருக்கீங்கல்ல. எல்லாம் ரகசியம், நமக்குள்ளேதான்.

அத்தை: நமக்குள்ளேன்னா யாரு யாருலே?

ஏஜெண்டு: நீங்க, டாக்டரு. பில்லு போடுற பையன். கிளெய்ம் பாக்குற டி.பி.ஏ. இன்சூரன்ஸ் கம்பெனி. நடுவுல புரோக்கரு. ஸ்கேன் பண்ணி ஏத்துற ஆளுங்க. தேவைப்பட்டா ஹெச்.ஆரு. அவ்வளவுதான்.

அத்தை: எங்க லயத்துலயே மொத்தம் பத்து வீடுதாம்லே.

ஏஜெண்டு: பாலிசி மவன் பேருல இருக்கதால எஸ்.எம்.எஸ். மட்டும் அவருக்குப் போவும்.

அத்தை: நாசமாப் போச்சு! நான் அங்க பேசப்போறதே அவனையும் அவன் பொண்டாட்டியையும் பத்தித்தானலே!

ஏஜெண்டு: பேசுறது போவாது அத்தே. நோயோட கோடு மட்டும்தான். எஃப் 32, எஃப் 41-னு இருக்கும். யாருக்குப் புரியும்?

அத்தை: பேரப்புள்ள போன்ல தட்டிச் சொல்லிட்டான். 32-ன்னா மனச்சோர்வு, 41-ன்னா பதற்றம். நமக்குள்ளே அவனும் சேந்தாச்சு.

ஏஜெண்டு: 2017 மனநலச் சட்டம், 23-ம் பிரிவு. ரகசியம் உங்க உரிமை!

அத்தை: உரிமைதான். டாக்டரு வாயை அந்தச் சட்டம் கட்டிவச்சிருக்கு. அந்தக் கட்டை அவுக்கத்தான் நீ இந்தத் தாளை நீட்டுத. ‘என் மருத்துவ விவரம் எதையும் கம்பெனி யாருகிட்டயும் கேட்டு வாங்கிக்கலாம்’னு பொடி எழுத்துல இருக்கு பாரு. 2015-ல பெம்பிளை ஒருமைன்னு தோட்டத்துப் பொம்பளைக சேந்து மூணாறு ரோட்டுல ஒக்காந்து 20 சதவீதம் போனஸ் வாங்குனவளுவ நாங்க. படிக்காம கையெழுத்துப் போடமாட்டோம்.

ஏஜெண்டு: லயத்துல மட்டும் ரகசியம் நிக்குதா? இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுல கேக்கும்.

அத்தை: கேக்கும். கேட்டவ அதை எழுதி நம்பர் போட்டு, அடுத்த பாலிசிக்கு எடுத்து வைக்கமாட்டா. சரி, காசு எவ்வளவு வரும்?

ஏஜெண்டு: அது வந்து... 24 மணி நேரம் பெட்டுல படுத்தா வரும். ஒக்காந்து பேசிட்டு வந்தா ஓ.பி. இந்தப் பாலிசியில ஓ.பி. கிடையாது.

அத்தை: அப்ப காசு?

ஏஜெண்டு: வராது.

அத்தை: சேதி?

ஏஜெண்டு: போயிரும்.

அத்தை: ...

ஏஜெண்டு: அதான் ஓ.பி. சேத்த புதுப் பாலிசி ஒண்ணு கொண்டாந்திருக்கேன். ‘முன்னே மனநோய்க்குச் சிகிச்சை உண்டா’ன்னு ஒரே ஒரு கேள்வி.

அத்தை: உண்டுன்னா?

ஏஜெண்டு: பிரீமியம் ஏறலாம். பாலிசியே தரமாட்டேன்னும் சொல்லலாம்.

அத்தை: இல்லைன்னா?

ஏஜெண்டு: மறைச்சிட்டீங்கன்னு பின்னாடி கிளெய்மைத் தள்ளிருவாங்க.

அத்தை: ஒடம்பு நோய்க்கு உள்ள இன்சூரன்ஸு மனசு நோய்க்கும் உண்டுன்னு அதே சட்டம் 21-ம் பிரிவுல சொல்லுதுல்லா? அது எங்கலே போச்சு? ராத்திரி முழுக்க முகட்டைப் பாத்துக் கெடக்குதவகிட்ட, பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டு அழுன்னு சொல்லுதீங்களே, வெக்கமா இல்லை? பயந்துபோயி எத்தனை பேரு வாயைத் தொறக்காமலே செத்தாளுவளோ!

ஏஜெண்டு: கோவப்படாதீங்க அத்தே.

அத்தை: 14416-ன்னு டெலி மானஸ், மனசு நோய்க்குப் பேசுற போன் லைன் இருக்கு. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அதுல பேசிக்கிடுதேன்.

ஏஜெண்டு: அதுல எனக்கு ஒண்ணும்... அது கெடக்கட்டும். அத்தே, ஆப்புல இப்பச் சும்மா அமுக்கிப் பாத்தேன். ஓ.டி.பி. மவன் போனுக்குப் போயிட்டு.

அத்தை: இந்தா, அவன்தான் கூப்பிடுதான். நீயே எடு. எஃப்-லேருந்து ஆரம்பிச்சுச் சொல்லு.